வட்டாரத்துக்கு ஒரு வீடு

நாற்பத்தேழாம் அஞ்சல் வட்டாரத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், என்ன சம்பாதிக்கிறார்கள், எப்படிப்பட்ட வீட்டில் படுத்து எழுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்கென்றே ஒரு துறை இருந்தது. வட்டார விவரத் துறை என்று அதற்குப் பெயர். துறைக்கு ஐந்து மாடிக் கட்டடம், மாடிக்கு மாடி ஏசி, இயக்குநருக்குத் தனி லிஃப்ட். இதற்கெல்லாம் செலவழித்தது போக, வீடு வீடாகப் போய்க் கேட்க ஆள் போடுவதற்குப் பணம் இல்லை. வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இயக்குநர் கூட்டம் போட்டார்.

“பதினோராயிரம் வீட்டுக் கதவையும் தட்டி, பதினோராயிரம் பேர் சொல்ற பொய்யையும் கேட்டு, அதைக் கூட்டி, வகுத்து, கடைசியில நாம எழுதறது என்ன? ஒரு சராசரி” என்றார் இயக்குநர். “அந்தச் சராசரியே ஏதோ ஒரு வீட்டுல குடியிருந்தா? நேரா அங்கயே போயிடலாமே! அந்த வீட்டுல என்ன இருக்கோ அதைப் பதினோராயிரத்தால பெருக்கிட்டா வேலை முடிஞ்சுது. ஜனங்களைப் பாக்காமலே ஜனங்களைத் தெரிஞ்சுக்கறதுதான் நிர்வாகம்.”

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டாமல் ஏதோ சந்தேகம் கேட்க வாயெடுத்த ஒருவரைப் பழைய காகிதக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே அவர் இன்னும் இருக்கிறார் என்று கேள்வி.

பழைய கணக்கைப் புரட்டிச் சராசரியைப் பிடித்தார்கள். வீட்டுக்கு இரண்டு புள்ளி மூன்று பேர், இரண்டு அறை, சொந்த வீடு, கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கிற வருமானம். இந்த அளவெல்லாம் பொருந்திவந்த வீடு, கண்ணாடிக்காரருடைய வீடு.

கண்ணாடிக்காரர் என்றால் கடைக்குச் சொந்தக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பக்கத்துத் தெருக் கடையில் நின்றுகொண்டே கண்ணாடி வெட்டுகிறவர். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் அளவு சொன்னால், கோடு கிழித்து, மேஜை ஓரத்தில் வைத்து ஒரு தட்டு. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இரண்டாகப் பிரியும். அந்தத் தொழிலில் கை எவ்வளவு துணிச்சலோ வீட்டிலும் வெளியிலும் மனிதர் அவ்வளவு பயந்தாங்கொள்ளி. காக்கிச் சட்டை போட்ட லாரி கிளீனரைப் பார்த்தாலும் வணக்கம் வைப்பார். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை என்பது ஒரு குறை. படுக்கை அறையின் மேல்தளம் மழைக்கு ஒழுகும் என்பது இன்னொரு குறை. இரண்டையும் பற்றி அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஒருநாள் துறையின் கணக்கெடுப்பாளர் வந்தார். ஆளைப் பார்த்துப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. கையில் இருந்த அட்டையைப் பார்த்தே பேசினார்.

“வீட்டுல எத்தனை பேர்?”

“நானும் இவளும். ரெண்டு பேருங்க.”

கணக்கெடுப்பாளர் முகம் தொங்கிப்போயிற்று. “ரெண்டு பத்தாதே. ரெண்டு புள்ளி மூணு வேணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எங்கயாவது ஒரு புள்ளி மூணு இருக்கும்.”

அந்த நேரம் பார்த்து அடுக்களையில் யாரோ தட்டைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

“அது யாரு?”

“என் தம்பி” என்றாள் கண்ணாடிக்காரர் மனைவி. “கொத்தனார் வேலை பாக்கறான். தனியா ரூம் எடுத்து இருக்கான். வாரத்துல ரெண்டு நாள் இங்க வந்து சாப்பிடுவான்.”

வாரத்தில் இரண்டு நாள் என்பதை ஏழால் வகுத்துப் பார்த்த கணக்கெடுப்பாளருக்கு வாயெல்லாம் பல். உடனே செல்போனை எடுத்தார். “சார், புள்ளி மூணு கிடைச்சுட்டாரு சார்! அடுக்களையில இருந்தாரு!”

கொத்தனார் மச்சினன் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். “எது புள்ளி மூணு? நான் முழுசா எழுபது கிலோ இருக்கேன் சார்.”

அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாசல் கதவில் பித்தளைத் தகடு ஒன்றை வைத்து நான்கு மூலையிலும் ஆணி அடித்தார். ‘மாதிரி வீடு. துறையின் அனுமதி இல்லாமல் இவ்வீட்டில் எதையும் மாற்றக் கூடாது.’

“இதுக்குப் பரிசு ஏதாவது உண்டுங்களா?” என்று கேட்டாள் மனைவி.

“பெருமை உண்டும்மா.”

“அதை எங்க வைக்கறது? இருக்கறதே ரெண்டு ரூம்.”

கண்ணாடிக்காரருக்கு மட்டும் உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து எதற்கும் யாரும் அவரைத் தேர்ந்தெடுத்ததில்லை. அன்று மாலை ஈரத்துணி கொண்டு தகட்டைத் துடைத்தார்.

சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. முதலில் பஸ் நின்றது. வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கணக்கெடுப்பாளர் கேட்டபோது, கடை பக்கத்துத் தெருதானே, நடந்துதான் என்று இவர் சொல்லியிருந்தார். பெருக்கிப் பார்த்தார்கள். பதினோராயிரம் வீட்டிலும் பஸ் ஏறுகிறவர் ஒருவர்கூட இல்லை. ஏறவே ஆளில்லாத ஊருக்குப் பஸ் எதற்கு என்று எடுத்துவிட்டார்கள். நிறுத்தத்தில் நின்றிருந்த கூட்டம், வராத பஸ்ஸுக்காக மத்தியானம் வரை நின்றுவிட்டு, விஷயம் தெரிந்ததும் நேராகக் கண்ணாடிக் கடைக்கு வந்தது.

கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் அந்த பஸ்ஸின் டிரைவர். அவரும் அந்தத் தெருவில்தான் இருந்தார். “ஒரே ஒரு நாள், சும்மா அடுத்த ஸ்டாப் வரைக்கும் ஏறி இறங்கியிருந்தா உனக்கு என்னப்பா குறைஞ்சு போயிருக்கும்?” என்றார். “இப்ப என்னைக் குப்பை வண்டி ஓட்டச் சொல்லிட்டான். நீ குப்பையாவது போடுவியா, அதுவும் இல்லையா?”

“போடுவேங்க. நிறையப் போடுவேன்” என்று கண்ணாடிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அடுத்தது பள்ளிக்கூடம். மாதிரி வீட்டில் பிள்ளை கிடையாது. ஆகவே வட்டாரத்தில் பிள்ளைகளே கிடையாது. முந்நூறு பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தபோது, துறையின் ஆட்கள் வந்து, காலியாகக் கிடக்கும் கட்டடம் என்று எழுதிக் கதவைப் பூட்டினார்கள். ஜன்னல் வழியாகப் பிள்ளைகளை இறக்க வேண்டியதாயிற்று. மறுநாள் தலைமை ஆசிரியை வீட்டுக்கே வந்துவிட்டார்.

“தப்பா நினைச்சுக்காதீங்க. எப்பதான் பிள்ளை பெத்துக்கறதா இருக்கீங்க?”

அன்றிலிருந்து அந்தத் தெருவில் எல்லோருக்கும் அதே கேள்வி. காய்கறிக் கடையில் கேட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் கேட்டார்கள். முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி இறங்கிக் கேட்டுவிட்டுப் போனார். ஒன்பது வருஷமாக மனசுக்குள் புதைத்து வைத்திருந்ததை ஊரே தோண்டி எடுத்துக் கையில் வைத்துப் பார்க்கிறது. கண்ணாடிக்காரர் மனைவி வெளியே போவதையே விட்டுவிட்டாள். “அந்தத் தகட்டைப் புடுங்கி எறிங்க” என்றாள். அவர் தகட்டைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார், வேலைக்குப் போய்விட்டார்.

என்ன மாயமோ, அந்த வருஷம் அவள் உண்டாகிவிட்டாள்.

கண்ணாடிக்காரர் அன்று கடையில் இரண்டு கண்ணாடியைக் கோணலாக வெட்டினார். முதலாளி திட்டியபோது சிரித்தார். தலைமை ஆசிரியை கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு வந்து, வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அட்மிஷன் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். தெருவே கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டத்தில் கலந்துகொள்ளாதது துறை மட்டும்தான். அங்கே பெருக்கிப் பார்த்துவிட்டு ஆடிப்போயிருந்தார்கள். பதினோராயிரம் பெண்களும் ஒரே நாளில் உண்டாகி, ஒரே நாளில் பிரசவத்துக்கு நிற்கப்போகிறார்கள்!

கணக்கெடுப்பாளர் ஓடிவந்தார். “அம்மா, இயக்குநர் ஒரு வேண்டுகோள் வெச்சிருக்காரு. இந்தப் பிரசவத்தை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப்போட முடியுமா?”

“உங்க இயக்குநரைப் பெத்தப்ப அவங்கம்மா தள்ளிப்போட்டிருக்கலாம்” என்றாள் அவள். “ஊருக்கு நல்லதா இருந்திருக்கும்.”

கணக்கெடுப்பாளர் அதையும் அட்டையில் எழுதிக்கொண்டு போனார்.

இது இப்படி இருக்க, மழைக்காலம் நெருங்கியது. ஒருநாள் படுக்கை அறையில் மேல்தளத்துக் காரை ஒரு முறம் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. கொத்தனார் மச்சினன் நாற்காலி போட்டு ஏறி, விரலால் தட்டிப் பார்த்தான். வழக்கமாகத் தொணதொணவென்று பேசுகிறவன், இறங்கியதும் முதல் வேலையாகக் கீழே விரித்திருந்த பாயை ஓரமாக இழுத்துப் போட்டான்.

“மாமா, கம்பியெல்லாம் துருவேறி உப்பிப்போச்சு. தளம் தாங்காது. ஒரு பெரிய மழை அடிச்சா மொத்தமும் இறங்கிடும். உடைச்சுப் புதுசா போட்டுடணும். கூலி கிடக்கட்டும், அதை நான் பாத்துக்கறேன். அக்கா பிள்ளையோட படுக்கப்போற இடம் இது.”

“நாளைக்கே ஆரம்பிடா” என்றாள் அக்கா.

“அனுமதி கேட்கணுமே” என்றார் கண்ணாடிக்காரர்.

அவள் அவரைப் பார்த்த பார்வையில் வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே சம்மட்டியை எடுத்திருப்பான். இவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு துறைக்குப் போனார்.

இயக்குநர் அவரை மிக மரியாதையாக வரவேற்றார். வட்டாரமே வந்திருக்கிறது என்று நாற்காலி போடச் சொன்னார். அறையின் சுவர் முழுவதும் வட்டாரத்தின் படம். அதில் வீடுகளும் தெருக்களும் தெளிவாக இருந்தன. ஆட்கள் வரையப்படவில்லை.

“ஒழுகுதுன்னு சொல்றீங்க” என்றார் இயக்குநர். “நல்லா யோசிங்க. உங்க தளம் ஒழுகினா பதினோராயிரம் தளம் ஒழுகுது. அவ்வளவு தளம் ஒழுகற வட்டாரத்தை நான் இத்தனை வருஷமா நிர்வாகம் பண்ணியிருக்கேன்னு ஆகுது. அது எப்படி உண்மையா இருக்க முடியும்?”

“சரிங்க சார். அப்ப நாங்களே செலவு பண்ணிச் சரி பண்ணிக்கறோம்.”

“அய்யய்யோ!” இயக்குநர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “சொந்தச் செலவுல தளம் போடற வசதி பதினோராயிரம் குடும்பத்துக்கும் இருக்குன்னா, இது பணக்கார வட்டாரம். பணக்கார வட்டாரத்துக்கு எதுக்கு இலவச ஆஸ்பத்திரி? அன்னைக்கே மூடிடுவாங்க. உங்க வீட்டம்மா பிரசவத்துக்கு எங்க போவாங்க?”

“அப்ப… துறையே பண்ணித் தர முடியுங்களா?”

“ஒரு வீட்டுக்குப் பண்ணா பதினோராயிரம் வீட்டுக்குப் பண்ணின கணக்கு. அவ்வளவு பணம் எங்ககிட்ட இல்லை. ஒரு வீட்டுக்கான பணமும் இல்லை, அது வேற விஷயம்.”

“நான் என்ன சார் பண்றது?”

இயக்குநர் கண்ணாடிக்காரரின் தோளில் கை போட்டு லிஃப்ட் வரைக்கும் கூட்டிவந்தார். “எதுவுமே பண்ணாதீங்க. அதுதான் உங்ககிட்ட எங்களுக்குப் பிடிச்சதே. இந்தத் துறையில இருபத்தாறு வருஷமா நானும் அதைத்தான் பண்றேன். பாருங்க, என்ன குறைஞ்சு போயிட்டேன்?”

லிஃப்ட் இயக்குநருக்கு மட்டும் என்பதால் கண்ணாடிக்காரர் படியிறங்கி வந்தார்.

விஷயம் அதற்குள் தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. தளம் போட்டால் ஆஸ்பத்திரி போய்விடும். அவ்வளவுதான், வாசலில் ஆட்கள். சர்க்கரை வியாதிக்காரர், காசநோய்க்காரர், மூட்டுவலிக்காரர் என்று ஆஸ்பத்திரிக் கூட்டம் மொத்தமும் அங்கே வந்துவிட்டது. பக்கத்து வீட்டு நர்சு அந்த ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்த்தாள். அவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பஸ் டிரைவர் கொத்தனார் மச்சினனிடமிருந்து சம்மட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

“கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி. எங்க அம்மாவுக்கு ஊசி அங்கதான் போடறோம்” என்றார்.

“உங்கம்மாவுக்கு ஊசி, என் பிள்ளை தலையில கல்லா?” என்று கேட்டாள் அவள். யாரும் கலைந்து போகவில்லை. இப்படி அக்கம்பக்கத்தார் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கும்படி செய்துவிட்டு, துறை ஐந்து மாடியிலும் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கண்ணாடிக்காரர் கையைப் பிசைந்தார். கடைசியில் மச்சினனும் அவரும் சேர்ந்து, மரக்கடையில் நாலு சவுக்குக் கட்டை வாங்கி, தளத்துக்கு முட்டு கொடுத்து நிறுத்தினார்கள். தளத்தை மாற்றவில்லை, தாங்கித்தான் பிடித்திருக்கிறது, இதற்கு யார் என்ன சொல்ல முடியும் என்று அவர் நினைத்தார். அந்த அளவுக்குத்தான் அவருக்குத் துறையைத் தெரிந்திருந்தது.

கணக்கெடுப்பாளர் வந்து கட்டைகளை எண்ணினார். பெருக்கினார். நாற்பத்து நாலாயிரம் கட்டைகள். நகரத்து மரக்கடைகளில் மொத்தமாகவே அவ்வளவு விற்கவில்லை. அப்படியானால் காட்டில் திருட்டுத்தனமாக வெட்டியிருக்கிறார்கள்! வனத்துறைக்குத் தகவல் போயிற்று. இரண்டு ஜீப்பில் ஆட்கள் வந்து, நாலு கட்டைகளையும் சாட்சியப் பொருள் என்று உருவி எடுத்துக்கொண்டு போனார்கள். கண்ணாடிக்காரர் ஜீப்புக்குப் பின்னாலேயே தெருமுனை வரை ஓடினார். “சார், நாலுதான் சார். நாலே நாலு” என்று கத்தினார். அவர் வாழ்க்கையில் ஓர் அதிகாரியைப் பார்த்துச் சத்தம் போட்டது அதுதான் முதல்முறை. ஜீப் நிற்கவில்லை.

அவள் படுக்கையை அடுக்களைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றால், அடுக்களையில் ஆள் நிற்கலாம், படுக்க முடியாது. ஏழு மாத வயிற்றோடு அவள் சுவரோரமாக ஒட்டிப் படுத்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தளத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்துக்கொண்டே இருந்தால் விழாது என்று நினைப்போ என்னவோ.

மூன்று நாள் விடாமல் பெய்த மழையில், ஒரு பகல் வேளையில் தளம் இறங்கியது. கண்ணாடிக்காரர் கடையில் இருந்தார். இடி மாதிரி சத்தம் கேட்டதும் கையில் இருந்த கண்ணாடியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். வீட்டுக்குள் புழுதியும் மழையும் ஒன்றாக இருந்தன. அவள் படுக்கிற இடத்தில் ஆளுயரத்துக்கு இடிபாடு. கம்பி நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாளத்தைத் தூக்கப் பார்த்தார், அசையவில்லை. கையாலேயே தோண்டினார்.

“நான் இங்க இருக்கேங்க” என்று அவள் பின்னாலிருந்து கூப்பிட்டாள். குழம்பு அடிபிடித்த வாசனை வந்ததென்று, அடுப்பை அணைக்க அப்போதுதான் எழுந்து போயிருக்கிறாள்.

அவர் திரும்பிப் பார்த்துவிட்டு அந்தக் குவியல் மேலேயே உட்கார்ந்து அழுதார். பயந்தாங்கொள்ளியாக இத்தனை நாள் இருந்துவிட்டோமே என்று அழுதார். அனுமதி கேட்கப் போன காலை உடைக்க வேண்டும்போல இருந்தது. எழுந்து நேராக வாசலுக்குப் போனார். பித்தளைத் தகட்டின் விளிம்பில் விரலைக் கொடுத்து இழுத்தார். நகம் பெயர்ந்தது. தகடு வரவில்லை. அரசாங்கம் நன்றாகச் செய்திருந்த வேலை அது ஒன்றுதான்.

தகட்டை எடுக்க மறுநாள் இயக்குநரே வந்தார். பதினோராயிரம் தளம் இடிந்த செய்தி மேலிடம் வரைக்கும் போய், ராணுவத்தை அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தார்கள். இயக்குநர் இடிபாட்டைச் சுற்றி வந்து, குடையை மடக்காமலே பேசினார்.

“உங்களை நம்பி ஒரு வட்டாரத்தையே ஒப்படைச்சோம். இப்படிப் பண்ணிட்டீங்களே. இந்த வீடு இனிமே மாதிரி வீடு இல்லை. மாதிரி வீடு இல்லாத எதுவும் எங்க கணக்குல இல்லை. அதனால இங்க எதுவும் இடியலை.”

“இடிஞ்சு கிடக்கே சார்” என்றான் மச்சினன்.

“எங்க?” என்று கேட்டார் இயக்குநர், அதன்மேல் நின்றுகொண்டே.

புது மாதிரி வீடு தேடும் வேலை தொடங்கியது. இம்முறை இயக்குநர் உஷாராக இருந்தார். சராசரி என்பது எண்ணிக்கை அல்ல, ஒழுக்கம் என்று சுற்றறிக்கை விட்டார். பிள்ளை பெறாத, நோய் வராத, எதையும் கேட்காத வீடாகப் பார்க்கச் சொன்னார். கணக்கெடுப்பாளர் தெருத் தெருவாக அலைந்து ஒன்றைக் கண்டுபிடித்தார். மேட்டுத் தெருவில், பிஸ்கட் கம்பெனி முதலாளி கட்டிய பங்களா. பதினாலு அறை, தேக்குக் கதவு, சொட்டு ஒழுகாத தளம். முதலாளி குடும்பத்தோடு வெளிநாடு போய் வருஷக்கணக்காகிறது. உள்ளே ஈ, காக்கை கிடையாது.

பெருக்குவது சுலபமாக இருந்தது. மக்கள்தொகை பூஜ்யம். வேலை இல்லாதவர் பூஜ்யம். ஏழைகள் பூஜ்யம். வீட்டுக்குப் பதினாலு அறை, அதுவும் தேக்குக் கதவோடு. இயக்குநருக்கு விருது கிடைத்தது. விருது விழாவில் அவர் பேசினார்: “ஒரு வட்டாரத்தோட எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே காரணம்தான் இருந்திருக்கு. அதைக் கண்டுபிடிச்சு நீக்கிட்டோம்.”

ஆளில்லாத வட்டாரத்தில் ஆஸ்பத்திரி எதற்கு? மூடினார்கள். தண்ணீரை நிறுத்தினார்கள், தெருவிளக்கை அணைத்தார்கள், தபால்காரர் வருவதை விட்டார். தளம் போட்டால் ஆஸ்பத்திரி போய்விடும் என்று வாசலில் நின்றவர்கள், தளமும் போய் ஆஸ்பத்திரியும் போனதைப் பார்த்தார்கள். பஸ் டிரைவர் வந்து சம்மட்டியைத் திருப்பிக் கொடுத்தார். முகத்தை நிமிர்த்திப் பார்க்கவில்லை.

தளம் இறங்கியதிலிருந்து பக்கத்து வீட்டு நர்சின் திண்ணையில் படுத்துவந்த அவளுக்கு வலி எடுத்தபோதும் மழைதான். மச்சினன் தள்ளுவண்டி ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் அவளைப் படுக்கவைத்து, மேலே ஒரு தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வட்டாரத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளினார்கள். கூடவே நர்சு ஓடிவந்தாள். மேட்டுத் தெரு ஏறும்போது அவள், “இனிமே அசைக்காதீங்க. ஒரு கூரை பாருங்க, சீக்கிரம்” என்றாள்.

நின்ற இடத்தில் பங்களாவின் இரும்பு கேட். கேட்டுக்குப் பக்கத்துக் கூண்டில் காவல்காரர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றார். காவல்காரர் வண்டியைப் பார்த்தார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

“உள்ள விட்டா உங்களுக்கு வேலை போயிடுமே” என்றார் கண்ணாடிக்காரர். பழக்க தோஷம்.

“அது எப்பவோ போச்சு. இந்த வீட்டுல யாரும் இல்லைன்னு அரசாங்கம் எழுதிடுச்சாம். இல்லாத ஆளுக்குச் சம்பளம் எதுக்குன்னு கம்பெனியும் நிறுத்திடுச்சு” என்றார் காவல்காரர். “நானே இல்லைன்னு ஆனப்புறம், எதை நான் காவல் காக்கறது? வண்டியை உள்ள தள்ளுப்பா.”

பதினாலு அறை வீட்டில், நடு ஹாலில், ஒரு துளி மழை உள்ளே வராத தளத்துக்குக் கீழே, பெண் குழந்தை பிறந்தது. நர்சு தொப்புள்கொடியை அறுத்துவிட்டு, இரண்டு கை நிறையக் குழந்தையைத் தூக்கிக் கண்ணாடிக்காரரிடம் கொடுத்தாள். கண்ணாடியை எடுப்பதுபோல அவர் வாங்கினார். பிறகுதான், இது உடையாது என்று தெரிந்ததுபோல மார்போடு அணைத்துக்கொண்டார்.

அவர்கள் திரும்பிப் போகவில்லை. திரும்பிப் போக வீடும் இல்லை. ஒரு வாரத்தில், தலைமை ஆசிரியை மாடி ஹாலில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். நர்சு கீழே ஓர் அறையில் ஊசி போட்டாள். கூரை ஒழுகியவர்கள் ஒவ்வொருவராகப் பாயும் தலையணையுமாக வந்தார்கள். நாற்பது பேருக்கு மேல் ஆகிவிட்டது. காவல்காரர்தான் யார் யாருக்கு எந்த அறை என்று சத்தம் போட்டுப் பிரித்துக் கொடுத்தார்.

வருஷக் கணக்கெடுப்பு வந்தது. விருது வாங்கிய வீடு என்பதால் இயக்குநரே கணக்கெடுப்பாளரோடு காரில் வந்து கேட்டுக்கு வெளியே இறங்கினார். தோட்டத்தில் கயிறு கட்டித் துணி காய்ந்துகொண்டிருந்தது. மாடியிலிருந்து பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது கேட்டது.

கணக்கெடுப்பாளர் அட்டையிலிருந்து முதல்முறையாகக் கண்ணை எடுத்து, வீட்டைப் பார்த்தார். அவர் கை தானாகவே பெருக்கிவிட்டது. “சார்” என்று காதோரமாகச் சொன்னார், “நாற்பதுன்னு வெச்சாலே நாலு லட்சத்து நாற்பதாயிரம் வருது சார். மொத்த நகரத்துலயே அவ்வளவு பேர் இல்லை. இதை எழுதினா விருதைத் திருப்பிக் கேப்பாங்களே சார்.”

இயக்குநருக்கு முதல்முறையாக வியர்த்தது.

ஜன்னல் திறந்தது. இடுப்பில் குழந்தையோடு கண்ணாடிக்காரர் மனைவி நின்றாள். “கணக்கெடுக்கத்தானே வந்தீங்க? வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க. ஒவ்வொரு ஆளா எண்ணிட்டுப் போங்க.”

அவளுக்குப் பின்னாலிருந்து கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்தார். வணக்கம் வைக்கவில்லை.

“சார், கூப்பிடறாங்க” என்றார் கணக்கெடுப்பாளர்.

“யாரு?” இயக்குநர் தரையையே பார்த்தார். “யாரும் கூப்பிடலை. காலி வீடு. காத்துல ஜன்னல் ஆடுது. எழுதுங்க.”

“குழந்தை அழற மாதிரி இருக்கே சார்.”

“பூஜ்யம்னு எழுதுய்யா!” என்று கத்திவிட்டு, இயக்குநர் காருக்குள் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டார்.

கணக்கெடுப்பாளர் பூஜ்யம் என்று எழுதினார். குழந்தைக்குப் பல் முளைக்கிற சமயம். கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அது விடாமல் அழுதது.